ஜான் ஸ்நோவுக்குப் பிறகு எந்த ஊகத்தை நம்பலாம்?

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடரை முழுவதும் பார்த்துவிட்டு, அதற்கு மூலமான ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ வரிசையில் இதுவரை வெளிவந்த ஐந்து நூல்களையும் இப்போது படித்து முடித்திருக்கிறீர்கள். ஜான் ஸ்நோவின் பெற்றோர் யார் என்பதை வாசகர்கள் 1990களின் இறுதியிலேயே ஊகித்துச் சொன்னார்கள், அது பலித்தும் விட்டது. அப்படியானால் டிரியன் லானிஸ்டர் உண்மையில் ஆட்சியிழந்த டார்கேரியன் அரச வம்சத்தின் வாரிசு, இளம் கிரிஃப் ஒரு போலி இளவரசன், கோல்டுஹேண்ட்ஸ் என்பவர் காணாமற்போன பெஞ்சன் ஸ்டார்க், டிராகன்கள் பிறந்ததால்தான் மந்திரம் திரும்பியது, பழைய டிராகன்களைக் கொன்றவர்கள் மேஸ்டர்கள் எனும் அறிஞர்கள் என்றெல்லாம் உலவும் மற்ற ஃபேன் தியரிகளையும் நம்பலாமா என்று கேட்கிறீர்கள். முடிச்சுகளை அவிழ்க்காமல் இதற்குப் பதில் சொல்ல இயலாது. ஆகவே நூல்களை இனிமேல்தான் படிக்கப் போகிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பொதுவாக ஒரு ஊகத்துக்கு எத்தனை சான்றுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தே அதை ஏற்பதும் தள்ளுவதும் நடக்கிறது. இந்த வழியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆங்கிலப் பதிப்பில் நாலாயிரம் பக்கங்களைத் தாண்டும் ஒரு கதையில், கனவுகளும் பாட்டுகளும் பழங்கதைகளும் குலச் சின்னங்களும் வழியெங்கும் இறைந்து கிடக்க, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட நினைப்பவருக்குக் கயிறு கிடைக்காமல் போகாது. நான் கேட்டுப் பார்ப்பது வேறொரு கேள்வி: இந்த ஊகம் பொய் என்றே வைத்துக்கொள்வோம், அப்போது நூலில் எந்தப் பக்கங்கள் வேலையில்லாமல் நின்றுபோகின்றன? பொய்யென்று வைத்தாலும் எல்லாப் பக்கங்களும் தத்தம் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன என்றால், அந்த ஊகம் வாசகரின் ஆசையில் பிறந்தது. பொய்யென்று வைத்தவுடன் ஒரு பாத்திரத்தின் பேச்சும் நடத்தையும் பொருளற்றுப் போகின்றன என்றால், அது ஆசிரியர் வைத்துச் சென்றது.

ஜானின் பிறப்பையே முதலில் இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். நெட் ஸ்டார்க்கின் முறைதவறிப் பிறந்த மகனாக வளர்க்கப்படும் ஜான், உண்மையில் நெட்டின் தங்கை லியானாவுக்கும் டார்கேரியன் இளவரசன் ரேகாருக்கும் பிறந்தவன் என்பதே அந்த ஊகம். 1996இல் வெளிவந்த முதல் நூலில், ஜானின் தாய் யார் என்று மனைவி கேட்லின் கேட்கும்போது நெட் ஸ்டார்க் அவளை அச்சுறுத்தும் குரலில் அடக்குகிறார்: ஜானைப் பற்றி என்றும் கேட்காதே, அவன் என் இரத்தம், அதற்குமேல் நீ அறிய வேண்டியதில்லை. ‘என் மகன்’ என்று சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் ‘என் இரத்தம்’ என்கிறார். தங்கையின் பிள்ளையும் இரத்தம்தானே. இதே நெட்டுக்குக் கால் முறிந்து காய்ச்சலில் கிடக்கும்போது ஒரு பழைய கனவு வருகிறது. போர் முடிந்துவிட்டது, மன்னன் ஏரிஸ் இறந்துவிட்டான், இளவரசன் ரேகாரும் இறந்துவிட்டான். ஆனால் அரச மெய்க்காவலர்களில் மூவர், அவர்களுள் படைத்தலைவரான ஜெரால்டு ஹைடவரே ஒருவர், எங்கோ மலையடிவாரத்தில் ஒரு கோபுரத்துக்கு முன்னால் நிற்கிறார்கள். மன்னனின் எஞ்சிய மகன் விசெரிஸ் டிராகன்ஸ்டோனுக்குத் தப்பிவிட்டான், நீங்கள் அவனோடு போயிருப்பீர்கள் என்று நினைத்தேன் என்று நெட் சொல்ல, மெய்க்காவலர் ஓடுவதில்லை என்று அவர்கள் மறுமொழி தருகிறார்கள்.

அந்தக் கோபுரத்தில் இருப்பவள் ரேகார் கவர்ந்து சென்றதாகச் சொல்லப்படும் பெண் மட்டுமே என்றால், இந்த மூவரும் அங்கே நின்று உயிரை விடுவதற்குக் காரணமே இல்லை. அவர்கள் எடுத்த உறுதிமொழி அரசரைக் காப்பது, அரச வம்சம் விசெரிஸிடம் இருக்கிறது. உள்ளே ரேகாரின் பிள்ளை இருந்தால் மட்டுமே அவர்களுடைய பிடிவாதத்துக்குப் பொருள் வருகிறது. லியானா குருதிப் படுக்கையில் கிடந்ததாக நெட் நினைவுகூர்கிறார். குருதிப் படுக்கை என்பது இந்த உலகில் பிரசவத்தைக் குறிக்கும் வழக்கு என்பதை அதே நூலில் மிர்ரி மாஸ் டூர் என்ற மருத்துவச்சி ஏரிஸின் மகள் டனேரிஸிடம் பேசும் பேச்சிலிருந்து அறிகிறோம். இரண்டாவது நூலில் டனேரிஸ் காணும் காட்சிகளில், பனிச்சுவர் ஒன்றின் விரிசலில் ஒரு நீலப்பூ மலர்ந்திருக்கிறது. ஹாரன்ஹாலில் நடந்த போட்டியில் ரேகார் தன் மனைவியைக் கடந்துபோய் லியானாவின் மடியில் வைத்தது நீலநிறக் குளிர்கால ரோஜாக்களாலான மகுடம். ஜான் பணிபுரிவதோ பனிச்சுவரில். இந்த ஊகம் பொய்யென்றால் நெட்டின் அத்தியாயங்களில் பாதி, சாகும் லியானாவுக்கு அவர் கொடுத்த வாக்குறுதி, அந்தக் கனவு, பதினான்கு ஆண்டு மௌனம் எல்லாமே காற்றில் தொங்கும். 2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒளிபரப்பான ஆறாவது பருவத்தின் இறுதிப் பகுதியில் தொலைக்காட்சி இதை உறுதிசெய்தது. நூல்களில் இன்னும் எவரும் வாய்திறந்து சொல்லவில்லை. அந்தக் கோபுரத்திலிருந்து நெட்டோடு உயிருடன் திரும்பிய ஒரே ஆளான ஹோலண்ட் ரீட் ஐந்து நூல்களிலும் ஒருமுறைகூட நேரில் தோன்றவில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் ஜானைப் பற்றிய ஊகத்தைவிட நேர்த்தியாக நெய்யப்பட்டது அதுவே என்பது என் கருத்து. 2011இல் வந்த ஐந்தாவது நூலில் விண்டர்ஃபெல்லில் ராம்சே போல்டனின் திருமணம் நடக்கிறது. வைட் ஹார்பரின் பருத்த பிரபு வைமன் மாண்டர்லி, வண்டிச் சக்கரம் அளவுக்கு அகலமான மூன்று மீட் பைகளை, அதாவது இறைச்சி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டங்களை, கொண்டுவந்து வைக்கிறார். கேரட்டும் வெங்காயமும் காளானும் சேர்த்து, பழுப்புக் குழம்பில் மிதக்கும் பன்றியிறைச்சி என்கிறார்கள். ரூஸ் போல்டனுக்கும் ஃப்ரே குடும்பத்தில் பிறந்த அவருடைய மனைவிக்கும் வைமன் தம் கையாலேயே பரிமாறுகிறார், இதுவரை நீங்கள் சுவைத்திராத சுவை என்கிறார், தாமும் ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு துண்டு வீதம் ஆறு துண்டுகளை உண்கிறார். வைட் ஹார்பரிலிருந்து புறப்பட்ட ரேகார் (இளவரசன் ரேகார் அல்ல), ஜாரெட், சைமண்ட் என்ற மூன்று ஃப்ரேக்கள் வழியில் எங்கோ மறைந்துபோனதாக முன்பே செய்தி வந்திருக்கிறது. மூன்று பேர், மூன்று மீட் பைகள். இதோடு நின்றிருந்தால் இதை எண்ணிக்கைப் பொருத்தம் என்று ஒதுக்கிவிடலாம். குடித்துத் தள்ளாடியபடி மண்டபத்தைவிட்டு வெளியேறும் வைமன், பாடகனைப் பார்த்து எலிச் சமையற்காரனின் பாட்டைப் பாடு என்று முணுமுணுத்துவிட்டுப் போகிறார்.

எலிச் சமையற்காரன் யார் என்பதை மூன்றாவது நூலில், பாழடைந்த நைட்ஃபோர்ட் கோட்டையில் நெட்டின் மகன் பிரான் சொல்லியிருக்கிறான். ஓர் அரசனுக்கு அவன் மகனையே சமைத்துப் பரிமாறியவன் அந்தச் சமையற்காரன். தெய்வங்கள் அவனைச் சபித்தன, ஆனால் கொன்றதற்காக அல்ல, மகனைத் தந்தைக்கு ஊட்டியதற்காகவும் அல்ல. பழிவாங்கும் உரிமை மனிதனுக்கு உண்டு, தன் கூரையின்கீழ் விருந்தினனாக வந்தவனைக் கொன்றதே அவன் செய்த பாவம் என்கிறது அந்தக் கதை. இப்போது ஐந்தாவது நூலில் தூதராக வந்த டாவோஸிடம் வைமன் பேசும் இடத்துக்குத் திரும்புங்கள். தம் மகன் வெண்டல் ஃப்ரேக்களின் வீட்டில் ரொட்டியும் உப்பும் உண்டு விருந்தினனாக இருந்தபோது கொல்லப்பட்டதைச் சொல்லிவிட்டு, இங்கே வந்திருக்கும் ஃப்ரேக்களுக்கு ஆளுக்கொரு சவாரிக் குதிரையை விருந்தினர் பரிசாகத் தந்தேன் என்கிறார். தெற்கில் இன்னும் அந்த வழக்கம் உண்டா என்றும் கேட்கிறார். சிலர் தருவதுண்டு, விருந்தினர் விடைபெறும் நாளில் என்கிறார் டாவோஸ். அப்படியானால் உங்களுக்குப் புரிந்திருக்கும் என்கிறார் வைமன். பரிசு கொடுத்து அனுப்பியாயிற்று, விருந்தினர் உறவு அத்தோடு முடிந்தது, ஆகவே வைமன் எலிச் சமையற்காரனின் பாவத்தைச் செய்யவில்லை.

இந்தக் குதிரைப் பரிசு ஒன்றுதான் என்னை வியக்கவைப்பது. அந்த மூவரையும் வைமன் சமைக்கவில்லை என்றால் டாவோஸிடம் குதிரைகளைப் பற்றி அவர் பேசுவதற்கு எந்த முகாந்தரமும் இல்லை. தொலைக்காட்சித் தொடர் இந்த முழு இழையையும் அறுத்து, ஆர்யா வால்டர் ஃப்ரேக்கு அவன் மகன்களைச் சமைத்துப் போடுவதாக மாற்றிக்கொண்டது. அங்கே அதிர்ச்சி மட்டும்தான் மிஞ்சியது, அறத்தின் கணக்கு காணாமற்போனது.

இளம் கிரிஃப் பற்றிய ஊகம் இதற்கு அடுத்த படியில் நிற்கிறது. குழந்தையாக இருந்தபோது தலை நசுக்கப்பட்டு இறந்ததாக எல்லோரும் நம்பும் ரேகாரின் மகன் ஏகான் உயிரோடு இருக்கிறான், அரசவையின் உளவுத்தலைவன் வேரிஸ் அவனை மாற்றிக் காப்பாற்றினான் என்பது ஐந்தாவது நூல் நமக்குச் சொல்லும் கதை. வாசகர்களில் பலர் அவனை டார்கேரியன் அல்ல, பழைய கலகக் கிளையான பிளாக்ஃபயர் குடும்பத்தின் பெண்வழி வாரிசு என்கிறார்கள். நான்காவது நூலில் செப்டன் மெரிபால்டு ஒரு சத்திரத்தின் பெயர்ப்பலகையைப் பற்றிச் சொல்லும் கதைக்கு இந்த ஊகமன்றி வேறு பயன் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இரும்பில் செய்த கருப்பு டிராகன் அந்தச் சத்திரத்தின் சின்னமாக இருந்தது. கருப்பு டிராகன் கலகக்காரர்களின் சின்னம் என்பதால் சினந்த பிரபு டாரி அதைத் துண்டுதுண்டாக வெட்டி ஆற்றில் எறிந்தார். பல்லாண்டுகளுக்குப் பிறகு அதன் தலைகளில் ஒன்று கரையொதுங்கியபோது துருப்பிடித்துச் சிவந்திருந்தது. டார்கேரியன் சின்னம் சிவப்பு டிராகன். கடலுக்கு அப்பாலிருந்து சிவப்பாகத் திரும்பி வரும் ஒரு கருப்பு டிராகனைப் பற்றி ஆசிரியர் நம்மிடம் இதைவிட வெளிப்படையாகச் சொல்லிவிட முடியாது.

பிளாக்ஃபயர் குடும்பத்துக்காகவே உருவான கோல்டன் கம்பெனி என்ற கூலிப்படை, யாருக்காகவும் ஒப்பந்தத்தை முறிக்காத பெயர்பெற்றது, ஒரு டார்கேரியனுக்காக முறிக்கிறது. ஏன் என்ற கேள்விக்கு வேரிஸின் கூட்டாளியான வணிகன் இல்லிரியோ, கருப்போ சிவப்போ டிராகன் டிராகன்தான் என்கிறான், பிளாக்ஃபயர்களின் ஆண்வழி அற்றுவிட்டது என்றும் சேர்த்துச் சொல்கிறான். ஆண்வழி என்று அவன் ஏன் குறிப்பாகச் சொல்ல வேண்டும்? அந்தப் பையனுக்குப் பிடிக்கும் என்று இஞ்சி மிட்டாயைக் கொடுத்தனுப்பும் அந்தத் தடித்த வணிகன், அவனைக் காணாமல் அனுப்ப நேர்ந்ததில் கொள்ளும் துயரம் வெறும் அரசியல் முதலீட்டின் துயரமாகத் தெரியவில்லை. பொன்னில் வெள்ளி இழையோடும் கூந்தல்கொண்ட அவனுடைய மறைந்த மனைவி செர்ராவும் ஒரு காரணமின்றி அந்த உரையாடலுக்குள் வந்திருக்க மாட்டாள். இரண்டாவது நூலின் காட்சிகளில் கூட்டம் ஆரவாரிக்கக் கோல்களில் ஆடும் துணி டிராகன் ஒன்று வருகிறது, பின்னர் முகமூடியணிந்த மந்திரக்காரி குவெய்த் அதைக் கூத்தாடியின் டிராகன் என்று பெயர் சொல்லி எச்சரிக்கிறாள். வேரிஸ் சிறுவனாக இருந்தது ஓர் ஊர்சுற்றும் கூத்துக் குழுவில்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. ஐந்தாவது நூலின் இறுதியில், சாகக் கிடக்கும் கெவன் லானிஸ்டரிடம் ஏகான் வந்துவிட்டான் என்று வேரிஸ் பெருமிதத்தோடு பேசுகிறான். இன்னும் சில நொடிகளில் இறக்கப் போகிறவனிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? இதற்கு முழு நிறைவான மறுமொழியை நான் எங்கும் படித்ததில்லை. ஆனாலும் அங்கே வேரிஸ் புகழ்வதெல்லாம் பையனின் வளர்ப்பைத்தான்: பசி அறிந்தவன், மீன் பிடிக்கத் தெரிந்தவன், அரசாட்சி என்பது உரிமைக்கு முன் கடமை என்று கற்றவன். இரத்தத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. போலி வாரிசு உண்மை வாரிசைவிட நல்ல அரசனாக இருக்கக்கூடும் என்ற சிக்கலை மார்ட்டின் வேண்டுமென்றே வைக்கிறார் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

டிரியன் ஊகத்தைப் பொறுத்தவரை என் பதில் சுருக்கமானது. வெளிறிய தலைமுடி, ஒரு கண் பச்சை ஒரு கண் கருப்பு, சிறுவயதில் டிராகன் கனவுகள், ஏரிஸ் மன்னன் டிரியனின் தாய் ஜோவன்னாமீது கொண்டிருந்த இச்சை, சாகும்போது நீ என் மகன் அல்ல என்று தந்தை டைவின் சொல்வது என்று சான்றுகளுக்குக் குறைவில்லை. 2014இல் வந்த ‘தி வேர்ல்ட் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ என்ற துணைநூலும் ஏரிஸ் பற்றிய வதந்திக்கு எண்ணெய் வார்த்தது. ஆனால் இது பொய்யென்றால் எதுவும் கெடுவதில்லை, மெய்யென்றால்தான் கெடுகிறது. நான்காவது நூலில் அத்தை ஜென்னா டிரியனின் அண்ணன் ஜேமியிடம், டைவினின் மகன் நீ அல்ல, டிரியன்தான் என்று சொல்கிறாள். இதை டைவினிடமே ஒருமுறை சொன்னதற்கு அவர் அரையாண்டு தன்னோடு பேசவில்லை என்கிறாள். தன்னைப் போலவே இருக்கும் மகனை வெறுத்த தந்தை, அந்தத் தந்தையாகவே மெல்ல மாறிக்கொண்டிருக்கும் மகன் என்பதே இந்த இருவருக்கும் இடையிலான கதை. இரத்த உறவே இல்லை என்றாக்கிவிட்டால் டைவினின் வெறுப்புக்கு ஒரு நியாயம் கிடைத்துவிடும். அந்த நியாயத்தை மார்ட்டின் அவருக்கு வழங்குவார் என்று நான் நம்பவில்லை.

கோல்டுஹேண்ட்ஸ் விவகாரத்தில் ஊகத்துக்கு இடமே இல்லை, இருந்தும் தொலைக்காட்சியால் குழப்பம் நீடிக்கிறது. ஜானின் நண்பன் சாமையும் கில்லியையும் காப்பாற்றி, பின்னர் பிரானைச் சுவருக்கு வடக்கே அழைத்துச் செல்லும் குளிர்ந்த கருத்த கைகள்கொண்ட அந்த ஆள் நெடுங்காலத்துக்கு முன்பே கொல்லப்பட்டுவிட்டார் என்று வனக்குழந்தைகளில் ஒருத்தியான லீஃப் சொல்கிறாள். பெஞ்சன் காணாமற்போய் அப்போது சில ஆண்டுகள்கூட ஆகவில்லை, நூற்றாண்டுகள் வாழும் அவளுக்கு அது நெடுங்காலமாக இருக்க முடியாது. இதற்கும் மேலாக, டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் குஷிங் நூலகத்தில் பாதுகாக்கப்படும் ஐந்தாவது நூலின் கையெழுத்துப் படியில், பதிப்பாசிரியர் ஆன் குரோயல் இவர் பெஞ்சனா என்று ஓரத்தில் கேட்டிருக்க, மார்ட்டின் தம் கையாலேயே இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார். 2016இல் தொலைக்காட்சித் தொடர் ஏறத்தாழ இதே பாத்திரத்தைப் பெஞ்சனாகவே காட்டியது. திரையில் நடந்தது நூலுக்குச் சான்றாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஜான் விஷயத்தில் இரண்டும் ஒன்றுபட்டதற்குத் தனிக் காரணம் உண்டு: ஜானின் தாய் யார் என்று தயாரிப்பாளர்கள் டேவிட் பெனியாஃப், டி. பி. வைஸ் இருவரிடமும் மார்ட்டின் முதல் சந்திப்பிலேயே கேட்டு, சரியான விடை வந்த பிறகுதான் படைப்பை ஒப்படைத்தார்.

இனி மந்திரம். உங்கள் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மற்றவை யார் யாருடைய பிள்ளை என்ற குடும்ப விவகாரங்கள், இதுவோ இந்த உலகம் எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றியது. டிராகன்கள் திரும்பியதால் மந்திரம் திரும்பியது என்பதற்கு நூல்களில் நேரடிச் சாட்சிகள் இருக்கிறார்கள். தலைநகரில் ரசவாதிகள் சங்கத்தைச் சேர்ந்த ஹாலின், காட்டுத்தீ எனும் பச்சை நெருப்பைத் தயாரிக்கும் வேலை எதிர்பாராத வேகத்தில் முடிந்துவிட்டதாக டிரியனிடம் கணக்கு ஒப்பிக்கிறான். எங்கள் மந்திரங்கள் ஏன் ஏட்டில் சொன்னபடி பலிப்பதில்லை என்று முன்பு தன் மூத்தவரைக் கேட்டபோது, கடைசி டிராகன் இறந்த நாளிலிருந்து மந்திரம் உலகைவிட்டுப் போகத் தொடங்கிவிட்டது என்று அவர் சொன்னாராம். எங்காவது டிராகன்கள் இருப்பதாகத் தாங்கள் கேள்விப்பட்டதுண்டா பிரபு என்று தயக்கத்தோடு கேட்கிறான். டிரியனுக்கு எதுவும் தெரியாது, வாசகருக்குத் தெரியும். கார்த் நகரச் சந்தையிலும் இப்படித்தான். அரையாண்டுக்கு முன் எரிமலைக் கண்ணாடியில் ஒரு பொறியைக்கூட எழுப்பத் திணறியவன் இன்று நெருப்பு ஏணி அமைத்து ஏறுகிறான், அதற்குக் காரணம் நீதான் என்று குவெய்த் டனேரிஸிடம் சொல்கிறாள்.

இந்தச் சாட்சிகள் நம்பத்தக்கவர்கள், ஆனால் அவர்கள் பேசுவது நெருப்பு மந்திரத்தைப் பற்றி மட்டுமே என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதல் நூலின் முதல் பக்கங்களிலேயே, டிராகன் முட்டைகள் இன்னும் கல்லாகக் கிடக்கும்போதே, வெண்ணிறப் பிசாசுகளான அதர்கள் காட்டில் நடமாடுகிறார்கள். பிரானின் மூன்று கண் காகம் அவன் கனவில் வந்ததும், ஸ்டார்க் பிள்ளைகள் ஓநாய்களோடு மனத்தால் பிணைந்ததும் டனேரிஸின் சிதை எரிவதற்கு வெகுநாள் முன்பு. டிராகன்களைப் பிறப்பித்த அந்தச் சிதையிலேயே மிர்ரி மாஸ் டூரின் இரத்த மந்திரம் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தது. நெருப்பின் பக்கத்திலும் ஒரு விலக்கு உண்டு. தோரோஸ் என்ற குடிகாரப் பூசாரி, இறந்துபோன பெரிக் டொன்டேரியனை முதன்முதலாக எழுப்பியது மம்மர்ஸ் ஃபோர்ட் சண்டைக்குப் பிறகு. நிகழ்ச்சிகளின் வரிசைப்படி பார்த்தால் அப்போது டிராகன்கள் இன்னும் பிறக்கவில்லை. ஆக, டிராகன்கள் மந்திரத்தைக் கொண்டுவரவில்லை, மந்திரத்தின் மீட்சியே டிராகன்களையும் கொண்டுவந்தது, பிறந்தபின் அவை நெருப்பின் பக்கத்தைப் பன்மடங்கு பெருக்கின என்று கொண்டால் எல்லாச் சாட்சியங்களும் முரணின்றிப் பொருந்துகின்றன. நான் ஏற்பது இதையே. இதன் மறுபக்கமாக, பனியின் பக்கத்தை அப்படிப் பெருக்குவது எது என்ற கேள்விக்கு ஐந்து நூல்களிலும் விடை இல்லை.

மேஸ்டர்களைப் பற்றிய சதி ஊகம் ஒரே ஆளின் பேச்சில் நிற்கிறது. நான்காவது நூலின் இறுதியில் ஆல்டுடவுனில் சாமைச் சந்திக்கும் அறிஞர் மார்வின், போனமுறை டிராகன்களையெல்லாம் கொன்றது யார் என்று நினைக்கிறாய், வாளேந்திய வீரர்களா என்று ஏளனமாகக் கேட்கிறார். மேஸ்டர்களின் கல்விக்கூடமான சிட்டடெல் கட்ட நினைக்கும் உலகில் மந்திரத்துக்கும் முன்னுரைத்தலுக்கும் கண்ணாடி மெழுகுவர்த்திகளுக்கும் இடமில்லை என்கிறார். அவருடைய அறையில் அப்படிப்பட்ட மெழுகுவர்த்தி ஒன்று எரிந்துகொண்டும் இருக்கிறது. ஐந்தாவது நூலில் பார்ப்ரி டஸ்டின் சீமாட்டி மேஸ்டர்களைச் சாம்பல் நிற எலிகள் என்று திட்டுவதையும் சேர்த்து, அரச குடும்பங்களின் திருமணங்கள் முதல் டிராகன்களின் அழிவுவரை அனைத்தும் மேஸ்டர்களின் கைவேலை என்று பெரிய கோட்டை கட்டியிருக்கிறார்கள்.

இதில் பாதி நிற்கும், பாதி நிற்காது. சிட்டடெல் மந்திரத்தை வெறுக்கிறது என்பது ஐயத்துக்கு இடமற்றது. எரியாத அந்தக் கண்ணாடி மெழுகுவர்த்தியோடு மாணவர்களை இருட்டறையில் ஓரிரவு உட்காரவைத்துத்தான் பட்டம் தருகிறார்கள், எவ்வளவு முயன்றாலும் அது எரியாது என்று அவர்கள் உணர வேண்டும் என்பதற்காகவே. ஆனால் டிராகன்களில் பெரும்பாலானவை இறந்தது டார்கேரியன்களே ஒருவரோடொருவர் பொருதிய உள்நாட்டுப் போரில். வம்சக் கணக்கில் 129 முதல் 131 வரை நடந்த அந்தப் போரை 2018இல் வந்த ‘ஃபயர் அண்ட் பிளட்’ நூல் விரிவாகச் சொல்கிறது. எஞ்சிய கடைசி டிராகன் 153இல் குன்றிப்போய் இறந்தது. அந்தக் கடைசிச் சிலவற்றின் சாவில் மேஸ்டர்களின் கை இருந்திருக்கலாம். அதற்குமேல் மார்வினின் கூற்று, தன் சகாக்களோடு வாழ்நாளெல்லாம் பிணங்கிய ஒருவரின் கசப்பாக நின்றாலே போதும். அதைப் பொய்யாக்கினாலும் அந்த அத்தியாயத்தில் ஒரு வரிகூட வீணாவதில்லை.

கடைசியாக, நீங்கள் பெயர் சொல்லாமல் தொட்டுச் சென்ற அசோர் அஹாய். புகைக்கும் உப்புக்கும் இடையே, குருதி சிந்தும் விண்மீனின்கீழ் மீண்டும் பிறந்து, கல்லிலிருந்து டிராகன்களை எழுப்பப்போகும் வீரன் யார் என்பதே இந்த வாசகர் உலகில் மிகுந்த சண்டைகளை மூட்டிய கேள்வி. டனேரிஸின் சிதையில் எல்லா அடையாளங்களும் இருக்கின்றன: வால்விண்மீன், புகை, கண்ணீரின் உப்பு, கல்லான முட்டைகள். ஜான் குத்தப்படும் காட்சியிலும் காயத்திலிருந்து புகை எழுகிறது, குத்துகிற போவன் மார்ஷின் கன்னத்தில் கண்ணீர் வழிகிறது, அருகில் ராட்சதன் கிழித்தெறிந்த வீரனின் உடையில் நட்சத்திரச் சின்னம் குருதியில் நனைகிறது. அசோர் அஹாயைக் காட்டு என்று வேண்டும் நெருப்புத் தெய்வத்தின் பூசாரி மெலிசாண்ட்ராவுக்கு நெருப்பில் தெரிவது ஸ்நோ மட்டுமே. இரண்டு பேருக்கும் பொருந்தும்படி ஆசிரியர் கவனமாக வெட்டித் தைத்த ஆடை இது. எனவே சான்றுகளை எவ்வளவு குவித்தாலும் ஒருவர்பக்கம் சாயாது.

முன்னுரைகளை எப்படி வாசிப்பது என்பதையும் நூலே கற்றுத்தருகிறது. குற்றுயிரான குதிரையில் சுவரை நோக்கி வரும் சாம்பல் உடைப் பெண்ணை மெலிசாண்ட்ரா நெருப்பில் காண்கிறாள், அவள் ஆர்யா என்று ஜானிடம் உறுதியாகச் சொல்கிறாள். வந்து சேருபவள் ஆலிஸ் கார்ஸ்டார்க். அதற்கு முன்பு, ரென்லி தன் பச்சைக் கவசத்தில் தலைநகர் வாசலில், அவள் ஆதரிக்கும் தன் அண்ணன் ஸ்டானிஸின் படையை நொறுக்குவதாக அவள் கண்டாள், ரென்லியைக் கொன்றுவிட்டால் ஆபத்து நீங்கும் என்று நம்பினாள். ரென்லி செத்தபின்னும் அந்தக் கவசம் வந்தது, அதை அணிந்திருந்தவன் கார்லன் டைரல். காட்சி இரண்டு முறையும் பொய்க்கவில்லை, ஆளை அடையாளம் சொன்னவளே தவறினாள். இதைப் படித்த பிறகும் அசோர் அஹாய் இன்னார்தான் என்று அடித்துச் சொல்பவர்களின் துணிச்சலை நான் மெச்சத்தான் வேண்டும்.

வாசகர்கள் முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதற்காக மார்ட்டின் போக்கை மாற்றிவிடுவாரோ என்ற உங்கள் ஐயத்துக்கு அவரே விடை சொல்லியிருக்கிறார். 2014ஆம் ஆண்டு எடின்பரோ புத்தக விழாவில் பேசியபோது, சிலர் சரியாகவே ஊகித்துவிட்டார்கள் என்பதை ஒப்புக்கொண்டு, முன்பே தூவிய தடயங்கள் எல்லாம் வீணாகிவிடும் என்பதால் அதற்காக எதையும் மாற்றப்போவதில்லை என்றார். ஆறாவது நூலில் எதைப் பற்றியாவது பந்தயம் கட்டியே ஆக வேண்டும் என்றால் ஜானை விட்டுவிடுவேன், அசோர் அஹாய் பக்கம் போகவே மாட்டேன். இளம் கிரிஃப் பிளாக்ஃபயர்தான் என்பதில் கட்டுவேன், அதுவும் அந்த உண்மை அவனுக்கே தெரியாது என்பதையும் சேர்த்து.